லாரியில் ‘கவர்னர்’ மாற்றும்போது ஒரு பைப் இடம் மாறினால் என்ன ஆகும்? - ஏர் பிரேக்கின் காவல்காரன் வேலை செய்யும் விதம்

சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும் நாட்களில், தொண்டூர் போன்ற சுற்றுவட்டாரக் கிராமச் சாலைகளில் லாரிகளின் நடமாட்டம் அதிகம். மேடு பள்ளம், ஆடு மாடு, வேகத்தடை என்று ஓட்டுநர் அடிக்கடி பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். அப்போது சில நிமிடங்களுக்கு ஒரு முறை வண்டிக்கு அடியிலிருந்து ‘புஸ்ஸ்...’ என்று ஒரு சத்தம் வரும்.

பலரும் அதை பிரேக் சத்தம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது பிரேக் சத்தம் அல்ல. ‘டேங்க் நிரம்பிடுச்சு, இனி காத்து வேணாம்’ என்று ஒரு சின்ன வால்வு கம்ப்ரஸருக்குச் சொல்லும் சத்தம். அந்த வால்வுக்குப் பெயர்தான் கவர்னர். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்களில் அதையே ‘அன்லோடர் வால்வு’ என்பார்கள்.

உள்ளங்கையில் அடங்கும் பொருள்தான். கழற்றி மாட்டுவதும் பார்ப்பதற்கு எளிதாகவே தெரியும்: இரண்டு போல்ட், இரண்டு மூன்று பைப். ஆனால், புது கவர்னர் மாட்டிய பிறகும் ‘காத்து ஏறல’, ‘காத்து நிக்காம ஏறிக்கிட்டே இருக்கு’ என்று வண்டி மறுபடி ஒர்க்‌ஷாப்புக்கே திரும்புவதும் வழக்கமாக நடப்பதுதான். சாமான் நல்ல சாமானாக இருந்தும் இப்படி ஆவதற்கு முக்கியக் காரணம், எந்தத் துளைக்கு எந்தப் பைப் என்ற குழப்பம்.

கவர்னர் என்ன வேலை செய்கிறது?

கார், பைக்கில் பிரேக் பிடிக்க ஆயில் போதும். 10 டன், 20 டன் சுமையுடன் வரும் லாரியை நிறுத்த அந்த அளவு விசை போதாது. அதனால் கனரக வண்டிகளில் அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்துகிறார்கள். இதுதான் ஏர் பிரேக்.

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு கம்ப்ரஸர், வெளிக்காற்றை இழுத்து அழுத்தி டேங்குகளுக்கு அனுப்புகிறது. ஓட்டுநர் பெடலை மிதித்தால், டேங்கில் உள்ள காற்று சக்கரங்களின் அருகில் இருக்கும் பிரேக் சேம்பருக்குப் போய், அங்குள்ள ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ளி பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. பெடலை விட்டால் அந்தக் காற்று வெளியேறிவிடும். ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் டேங்கில் கொஞ்சம் காற்று குறையும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்ஜின் ஓடும் வரை கம்ப்ரஸரும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குத் தனி சுவிட்ச் கிடையாது. யாரும் தடுக்காவிட்டால் டேங்கில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பைப், டயாஃப்ரம், கடைசியில் டேங்க் என எது பலவீனமோ அது முதலில் போகும்.

அதைத் தடுப்பதுதான் கவர்னரின் வேலை. டேங்கில் அழுத்தம் ஒரு உச்ச அளவைத் தொட்டதும் கம்ப்ரஸரின் உழைப்பை வீணாகச் சுற்றவிடும். இதற்கு ‘கட் அவுட்’ என்று பெயர். பிரேக் பிடித்துப் பிடித்து அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் மறுபடி டேங்கை நிரப்ப விடும். இது ‘கட் இன்’.

அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஓட்டுநர்கள் ‘எட்டு கிலோ காத்து இருக்கு’ என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ என்பதன் சுருக்கம் அது. ஒரு கிலோ என்பது கிட்டத்தட்ட ஒரு ‘பார்’, அதாவது சுமார் 14.5 பிஎஸ்ஐ.

பழைய இந்திய லாரிகள் பலவற்றில் கட் அவுட் சுமார் 8 பார். புதிய வண்டிகளில் 10 பார் வரைகூட போகும். கட் இன் அதிலிருந்து ஏறக்குறைய 1 பார் கீழே இருக்கும். அமெரிக்க லாரிகளில் கட் அவுட் 120 முதல் 135 பிஎஸ்ஐ, கட் இன் அதைவிட 20 முதல் 25 பிஎஸ்ஐ குறைவு. மாடலுக்கு மாடல் இது மாறும் என்பதால், அந்த வண்டியின் மேனுவலில் உள்ள எண்ணே இறுதி.

ஒரே பெயர், இரண்டு விதம்

குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். கவர்னர் என்ற பெயரில் உலகில் இரண்டு விதமான சாமான்கள் இருக்கின்றன. செய்யும் வேலை ஒன்று, செய்யும் முறை வேறு. அதனால் பைப் போடும் முறையும் வேறு.

முதல் விதம், ‘சிக்னல்’ கொடுக்கும் கவர்னர். அமெரிக்க லாரிகளில் பரவலாக இருப்பது இதுதான். பெண்டிக்ஸ் நிறுவனத்தின் ‘டி-2’ இதற்கு நல்ல உதாரணம். கம்ப்ரஸர் அழுத்தும் காற்று இந்த வால்வு வழியாகப் போகாது, நேராக டேங்குக்குப் போய்விடும். டேங்கிலிருந்து ஒரு சிறிய பைப் மட்டும் கவர்னருக்கு வந்து, உள்ளே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று காட்டும். உச்ச அளவு வந்ததும், கவர்னர் இன்னொரு சிறிய பைப் வழியாக கம்ப்ரஸரின் தலைப்பகுதிக்குக் காற்றை அனுப்பும். அங்குள்ள அன்லோடர் பிஸ்டன்கள், காற்று உள்ளே வரும் வால்வைத் திறந்தபடியே பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஸர் சுற்றும், ஆனால் எதையும் அழுத்தாது.

இரண்டாவது விதம், காற்றையே வெளியே திருப்பிவிடும் அன்லோடர் வால்வு. ஐரோப்பிய வண்டிகளிலும், நம் நாட்டு லாரிகளிலும் பரவலாக இருப்பது இது. கம்ப்ரஸரிலிருந்து வரும் மொத்தக் காற்றும் இந்த வால்வு வழியாகத்தான் டேங்குக்குப் போக வேண்டும். டேங்க் நிரம்பியதும், வால்வு கீழே உள்ள துளையைத் திறந்து கம்ப்ரஸர் காற்றை வெளியே விட்டுவிடும். உள்ளே இருக்கும் ஒருவழி வால்வு டேங்கில் உள்ள காற்று திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும். புதிய வண்டிகளில் இந்த அன்லோடர், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரோடு ஒரே யூனிட்டாகச் சேர்ந்தே வருகிறது.

இந்திய லாரிகளின் பரம்பரை ஐரோப்பிய வழி வந்தது. சென்னை எண்ணூரின் அசோக் லேலண்ட், பிரிட்டனின் லேலண்ட் தொடர்பில் வளர்ந்தது. டாடா லாரிகள் 1954-ல் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டில் தொடங்கியவை. ஏர் பிரேக் சாமான்களும் அப்படித்தான். டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்துடன் சேர்ந்து 1962-ல் தொடங்கப்பட்டு, சென்னை பாடியில் ஏர் பிரேக் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த பிரேக் பிரிவு பின்னர் வாப்கோ வசம் போனது. 2020-ல் ஜெர்மனியின் இசட்எஃப் குழுமம் வாப்கோவை வாங்கியது.

இதில் நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், இணையத்தில் கவர்னர் மாற்றுவது பற்றிக் கிடைக்கும் வீடியோக்களில் கணிசமானவை அமெரிக்க லாரிகளைப் பற்றியவை. அதில் காட்டும் பைப் இணைப்பை அப்படியே நம்ம ஊர் லாரியில் செய்ய முடியாது. வண்டியில் இருப்பது எந்த விதம் என்று முதலில் தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை. கம்ப்ரஸரின் தடித்த பைப் நேராக இந்த வால்வுக்குள் வருகிறது என்றால் அது இரண்டாவது விதம். மெல்லிய பைப்கள் மட்டுமே வருகின்றன என்றால் முதல் விதம்.

எந்தத் துளைக்கு எந்தப் பைப்?

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ‘ஐஎஸ்ஓ 6786’ என்ற சர்வதேச எண் முறை இருக்கிறது. ஏர் பிரேக் வால்வுகளின் உடம்பில், ஒவ்வொரு துளையின் அருகிலும் ஒரு எண் பொறிக்கப்பட்டிருக்கும். கிரீஸும் மண்ணும் அப்பியிருந்தால் தெரியாது. துடைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும்.

* 1 - காற்று உள்ளே வரும் வழி. கம்ப்ரஸர் பைப் இங்கே.
* 2 - காற்று வெளியே போகும் வழி. டேங்க் பக்கம் போகும் பைப் இங்கே. ஒன்றுக்கு மேல் இருந்தால் 21, 22 என்று வரும்.
* 3 - வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும் துளை. இங்கே எந்தப் பைப்பும் வராது, அடைக்கவும் கூடாது.
* 4 - சிக்னல் காற்று வரும் துளை.

இரண்டு இலக்க எண்ணில் முதல் இலக்கம்தான் வேலையைச் சொல்லும். 21, 22 இரண்டுமே வெளியே போகும் வழிகள்தான். ஆனால் இரண்டும் ஒரே இடத்துக்குப் போவதில்லை. பல ஏர் டிரையர்களில் 21-ல் இருந்து பிரேக் டேங்குகளுக்கும், 22-ல் இருந்து ‘ரீஜெனரேஷன் டேங்க்’ எனும் சின்ன டேங்குக்கும் பைப் போகும். டிரையருக்குள் சேர்ந்த ஈரத்தைத் திருப்பி அடித்து வெளியேற்ற அந்தச் சின்ன டேங்கின் காற்றுதான் தேவை. ‘இது எதுக்கு’ என்று 22-ல் டம்மி போட்டு மூடிவிட்டால், டிரையர் தன்னைத் தானே உலர்த்திக்கொள்ள முடியாது. சில வாரங்களில் டேங்கில் தண்ணீர் சேரத் தொடங்கும்.

அமெரிக்க வகையில் எண்களுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும். ‘ஆர்இஎஸ்’ என்றால் டேங்கிலிருந்து வரும் பைப். ‘யுஎன்எல்’ என்றால் கம்ப்ரஸர் தலைக்குப் போகும் சிக்னல் பைப். ‘இஎக்ஸ்ஹெச்’ என்றால் வெளியேறும் துளை. வசதிக்காக ஆர்இஎஸ், யுஎன்எல் துளைகள் ஒன்றுக்கு மேல் கொடுத்திருப்பார்கள். பயன்படுத்தாதவற்றுக்கு மட்டும் டம்மி போட வேண்டும்.

மாற்றி மாட்டினால் என்ன ஆகும்?

துளையும் பைப்பும் மாறினால் வண்டி ஏதாவது ஒரு அறிகுறியைக் காட்டும். அந்த அறிகுறியைப் படிக்கத் தெரிந்தால் தவறு எங்கே என்று பிடித்துவிடலாம்.

அன்லோடர் வால்வில் 1, 21 மாறினால்: பல மாடல்களில் இந்த இரண்டு துளைகளும் ஒரே த்ரெட் அளவு. அதனால் மாற்றி மாட்டினாலும் அழகாகவே உட்காரும். ஆனால் உள்ளே உள்ள ஒருவழி வால்வு கம்ப்ரஸர் காற்றை எதிர்த்து நிற்கும். டேங்கில் காற்று ஏறாது. கம்ப்ரஸர் பக்கம் அழுத்தம் எகிறும். உடனே இன்ஜினை நிறுத்தாவிட்டால் பைப்போ, கம்ப்ரஸர் ஹெட் கேஸ்கெட்டோ போகும்.

3-ம் எண் துளை அடைபட்டால்: வால்வு திறந்தாலும் காற்று வெளியேற வழியில்லை. மண், கிரீஸ் அடைத்தாலும் இதே கதைதான். அழுத்தம் கட் அவுட் அளவைத் தாண்டிப் போகும். வழக்கமான ‘புஸ்’ சத்தம் கேட்காது.

அமெரிக்க வகையில் ஆர்இஎஸ், யுஎன்எல் மாறினால்: டேங்க் காற்று தவறான வழியில் உள்ளே வந்து, வெளியேறும் துளை வழியாக விடாமல் கசியும். புது கவர்னர் மாட்டிய உடனே தொடர்ந்து காற்று போகிறது என்றால், சாமானைக் குறை சொல்லும் முன் பைப்பைப் பார்க்க வேண்டும்.

ஆர்இஎஸ் பைப்பே வராவிட்டால்: டேங்கில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று கவர்னருக்குத் தெரியாது. அதனால் எப்போதும் ‘நிறுத்து’ என்று சொல்லாது. டேங்கில் உள்ள சேஃப்டி வால்வு திறக்கும் வரை அழுத்தம் ஏறும். அமெரிக்க வண்டிகளில் அந்த வால்வு 150 பிஎஸ்ஐ வாக்கில் திறக்கும். அந்த வால்வும் துரு பிடித்திருந்தால் நிலைமை ஆபத்து.

யுஎன்எல் துளைக்கு டம்மி போட்டால்: கவர்னர் சொல்வது கம்ப்ரஸருக்குப் போய்ச் சேராது. இதிலும் அழுத்தம் நிற்காமல் ஏறும்.

வெளியேறும் துளையை ‘லீக் ஆகுது’ என்று அடைத்தால்: கட் அவுட் ஆன பிறகு கம்ப்ரஸர் தலையில் உள்ள சிக்னல் காற்று வெளியேற முடியாது. கம்ப்ரஸர் வேலைக்குத் திரும்பாது. பிரேக் பிடிக்கப் பிடிக்க கேஜ் முள் இறங்கிக்கொண்டே போகும், ஏறவே ஏறாது. மிகவும் ஆபத்தானது இதுதான். ஏனென்றால் வண்டி புறப்படும்போது டேங்க் நிரம்பியே இருக்கும். கோளாறு ரோட்டில்தான் தெரியும்.

காத்து போனால் பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?

‘காத்து போனா பிரேக் பிடிக்காது’ என்று சிலர் சொல்வார்கள். ‘காத்து போனா வண்டி லாக் ஆயிடும்’ என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

ஏர் பிரேக்கின் வரலாறே இந்தக் கேள்வியில்தான் திரும்பியது. அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்கு ஏர் பிரேக் காப்புரிமை பெற்றார். அந்த முதல் வடிவத்தில் பைப் வழியாகக் காற்று வந்தால்தான் பிரேக் பிடிக்கும். அதனால் பைப் உடைந்தால் ரயிலுக்கு பிரேக்கே இல்லை. 1872-ல் அவர் அதைத் தலைகீழாக்கினார். பைப்பில் அழுத்தம் குறைந்தால் பிரேக் தானாகப் பிடிக்கும்படி மாற்றினார்.

இன்றைய லாரிகளின் பின்சக்கரங்களில் உள்ள ‘ஸ்பிரிங் பிரேக்’ அதே யோசனையைப் பின்பற்றுவது. உள்ளே ஒரு பெரிய ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடிக்கவே துடிக்கும். காற்று அதை அழுத்திப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கும். அழுத்தம் சுமார் 5 பாருக்கு மேல் இருந்தால்தான் பிரேக் முழுதாக விடும். காற்று போனால் ஸ்பிரிங் வெல்லும், சக்கரம் லாக் ஆகும்.

ஆனால், இடைப்பட்ட நேரம் ஒன்று இருக்கிறது. அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும்போது, பெடல் பிரேக்கின் பலம் குறைந்துகொண்டே போகும். ஸ்பிரிங் பிரேக்கோ இன்னும் முழுதாகப் பிடித்திருக்காது. கீழிறங்கும் சாலையில், முழு லோடில், பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கும் ஓட்டுநர் இந்த இடைவெளியில் சிக்கினால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். தருமபுரி மாவட்டம் தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் ‘லோ கியரில் இறங்கவும்’ என்று எச்சரிப்பதற்கு, சூட்டில் பிரேக் பலம் குறைவதோடு காற்று தீர்வதும் ஒரு காரணம்.

செஞ்சிப் பக்கம் பெரிய இறக்கங்கள் இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. திண்டிவனம் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை செஞ்சி வழியாகத்தான் போகிறது. இரவில் நடுரோட்டில் ஸ்பிரிங் பிரேக் லாக் ஆகி நின்றுவிட்ட லாரியைத் தள்ளி ஓரம்கட்ட முடியாது. பின்னால் வரும் பைக்குக்கும் காருக்கும் அது ஒரு சுவர்.

கவர்னர்தான் காரணமா?

காற்று ஏறவில்லை என்றதும் முதலில் கவர்னரை மாற்றுவது பழக்கமாகிவிட்டது. விலை கம்ப்ரஸரைவிடக் குறைவு, மாற்றுவதும் சீக்கிரம் முடிந்துவிடும் என்பதே காரணம். ஆனால் வேறு சில இடங்களையும் பார்த்துவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

கம்ப்ரஸர் பிஸ்டன் ரிங் தேய்ந்து ‘ஆயில் அடிக்கும்’போது, அந்த எண்ணெய் சூட்டில் கருகி, கம்ப்ரஸர் பைப்புக்குள் கரியாகப் படியும். நாளடைவில் பைப்பின் வழி சுருங்கிவிடும். காற்று மெதுவாக ஏறும். அந்தக் கரித்துகள் புது கவர்னருக்குள் போனால், அதன் வால்வு சரியாக மூடாது. அதாவது, பழைய கவர்னரைக் கெடுத்த அதே காரணம் புதியதையும் கெடுக்கும்.

எனவே, பைப்பைக் கழற்றும்போது உள்ளே விரல் விட்டுப் பார்க்க வேண்டும். கரியோ, பிசுபிசுப்போ இருந்தால் பைப்பைச் சுத்தம் செய்யாமல், முடியாவிட்டால் மாற்றாமல், புது கவர்னர் மாட்டுவதில் பயனில்லை. கசிவு பைப் யூனியனிலா, பிரேக் சேம்பரிலா என்பதையும் சோப்பு நுரை வைத்து முதலிலேயே பார்த்துவிடலாம்.

மாற்றும்போது செய்ய வேண்டியவை

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். காற்றை இறக்கும்போது பிரேக் நிலை மாறும் என்பதால் இது கட்டாயம். ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய வண்டியில் காற்று போனால் பிடித்து நிறுத்த எதுவுமே இல்லை.

2. எல்லா டேங்குகளின் டிரெயின் காக்கையும் திறந்து காற்றை முழுதாக இறக்க வேண்டும். டாஷ்போர்டு கேஜ் பூஜ்ஜியம் காட்டினாலும் போதாது. கேஜ் காட்டாத டேங்குகளும் உண்டு. அழுத்தம் இருக்கும்போது யூனியனைத் தளர்த்தினால் பைப் சாட்டை போலச் சுழன்று அடிக்கும்.

3. கம்ப்ரஸர் பைப் ஆறும் வரை காத்திருக்க வேண்டும். வண்டி ஓடி வந்த உடனே தொட்டால் கை வெந்துவிடும்.

4. கழற்றும் முன் செல்போனில் போட்டோ எடுத்து, ஒவ்வொரு பைப்பிலும் துளை எண்ணை எழுதி டேப் ஒட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை, ஆனால் பைப் மாறும் தவறை இதுவே தடுத்துவிடும்.

5. பழைய வால்வின் பார்ட் நம்பரையும் புதியதன் நம்பரையும் ஒப்பிட வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தாலும் கட் அவுட் அளவு வேறாக இருக்கலாம். 8 பார் வண்டியில் 10 பார் வால்வு மாட்டினால் மற்ற எல்லா ரப்பர் பாகங்களுக்கும் அது கூடுதல் சுமை.

6. பழைய கேஸ்கெட், வாஷர்களைத் திரும்பப் போடாமல் புதியது போட வேண்டும்.

தொண்டூர் மாதிரியான கிராமத்தில் வண்டி நின்றால், செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ ஆள் அனுப்பித்தான் சாமான் வாங்க வேண்டும். ‘லேலண்டுக்கு ஒரு அன்லோடர் கொடுங்க’ என்று மட்டும் கேட்டால், கடையில் எது இருக்கிறதோ அது வரும். பழைய வால்வையே கையோடு கொடுத்து அனுப்புவது, அல்லது பார்ட் நம்பர் தெரியும்படி போட்டோ அனுப்புவது இரண்டாவது முறை அலைவதைத் தடுக்கும்.

பைப், த்ரெட், டேப்: சின்ன விஷயங்கள்

நம்ம ஊர் லாரிகளில் பெரும்பாலும் மெட்ரிக் த்ரெட். கம்ப்ரஸர் பைப்புக்கு ‘எம்22’, மெல்லிய பைப்களுக்கு ‘எம்16’ போன்ற அளவுகள். இவை நேரான த்ரெட். காற்றை அடைப்பது வாஷரோ, ஓ-ரிங்கோதான். அமெரிக்க கவர்னரில் இருப்பது கூம்பு த்ரெட். இறுக்க இறுக்க த்ரெட்டே காற்றை அடைக்கும். ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாகத் திருகினால், முதல் நாள் கசியாது. ஆனால் வால்வின் அலுமினிய உடம்பில் விரிசல் விழும் அல்லது த்ரெட் வழுக்கிவிடும். சரியான அடாப்டர் இல்லாமல் மாட்டக் கூடாது.

நேரான த்ரெட்டுக்கு வெள்ளை டேப் தேவையில்லை. கூம்பு த்ரெட்டுக்குச் சுற்றுவதாக இருந்தாலும், முதல் இரண்டு த்ரெட்டை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். கிழிந்த டேப் துண்டு ஒன்று உள்ளே போனால் போதும், வால்வு மூடாமல் கசியும்.

கம்ப்ரஸரிலிருந்து வரும் முதல் பைப் இரும்பு, செம்பு அல்லது அந்தச் சூட்டைத் தாங்குவதற்கென்று செய்த ஹோஸாக இருக்க வேண்டும். அவசரத்துக்கு நைலான் பைப்பை அங்கே மாட்டினால் சூட்டில் இளகிவிடும். அந்தப் பைப் கீழ்நோக்கிய சரிவில் போக வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கும். கவர்னருக்கு வரும் மெல்லிய பைப்புக்கும் இது பொருந்தும்.

மாட்டிய பிறகு என்ன சோதனை?

டிரெயின் காக்குகளை மூடி, இன்ஜினை ஓடவிட்டு, கேஜ் முள்ளைக் கவனிக்க வேண்டும். கட் அவுட் அளவில் ‘புஸ்’ சத்தத்தோடு முள் நிற்க வேண்டும். பிறகு பெடலைப் பல முறை மிதித்துக் காற்றைக் குறைத்தால், கட் இன் அளவில் முள் மறுபடி ஏறத் தொடங்க வேண்டும். இந்தச் சுற்றை மூன்று முறையாவது பார்க்க வேண்டும். ஒரு முறை நிரம்பியது என்பதோடு வண்டியை எடுத்தால், மேலே சொன்ன ‘கட் இன் ஆகாத’ கோளாறு தெரியாது.

அடுத்தது கசிவு சோதனை. இன்ஜினை அணைத்து, பிரேக்கை விட்ட நிலையில் ஒரு நிமிடம் கேஜைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் கனரக ஓட்டுநர்களுக்குக் கற்றுத்தரும் அளவு, டிரெய்லர் இல்லாத வண்டியில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை மிதித்துப் பிடித்த நிலையில் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. அதாவது 0.14 பார், 0.2 பார். நம்ம ஊர் கேஜில் முள் கண்ணுக்குத் தெரிந்து நகர்ந்தாலே எங்கோ கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. கவர்னரின் மேலே அழுத்தத்தைச் சரிசெய்யும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ‘காத்து சீக்கிரம் தீருது, கொஞ்சம் ஏத்தி வைங்க’ என்று அதைத் திருகச் சொல்பவர்கள் உண்டு. அதனால் கசிவு நிற்காது, டயாஃப்ரமும் ஹோஸும்தான் சீக்கிரம் கிழியும்.

யார் பொறுப்பு?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 190-வது பிரிவு, கோளாறு இருப்பது தெரிந்தும் வண்டியை ஓட்டுபவரை மட்டும் அல்ல, ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குற்றவாளியாக்குகிறது. ‘இன்னைக்கு ஒரு டிரிப் மட்டும் போயிட்டு வந்துடு, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று சொல்லும் உரிமையாளருக்கும் இது பொருந்தும்.

சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று, 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஆனால், அந்த ஒரு நாளில் நன்றாக இருந்த கவர்னர் அடுத்த மாதம் கெட்டுப்போகலாம். அதைக் கண்டுபிடிக்கும் கருவி ஓட்டுநரின் கண் முன்னாலேயே இருக்கிறது.

காலையில் வண்டியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் போதும். டேங்கில் தண்ணீரை வடித்துவிட்டு, காற்று ஏறி ‘புஸ்’ சத்தம் வரும் வரை காத்திருந்து, முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பெடலை நாலு முறை மிதித்து, முள் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்று நின்ற எண்ணைத் தாண்டி முள் போகிறது என்றாலோ, இறங்கிய முள் ஏறவில்லை என்றாலோ, அன்றைக்கு லோடு ஏற்றக் கூடாது.